கூடக் கிடைத்த இரண்டு நிமிடம்: ஒரு ரேபிட் ஆட்டத்தின் 54ஆம் நகர்வு

நல்லூர்ப் பக்கம் ஒரு மண்டபத்தில் ஞாயிற்றுக்கிழமை நடந்த ஏழு சுற்று ரேபிட் (விரைவு) சதுரங்கப் போட்டியில் உதவி நடுவராக நின்றேன். ஐந்தாம் சுற்று, மூன்றாம் மேசை. அந்த ஆட்டம் முடிந்ததும் சுற்றி நின்ற ஏழெட்டுப் பேரும் ஒரே வசனத்தைத்தான் சொன்னார்கள்: "நேரம் இல்லாமல் தோத்திட்டான்." எனக்கு அது சரியாகப் படவில்லை. மேசைக்குப் பக்கத்தில் நின்றவன் நான். கடிகாரத்தை என் கையாலேயே திருத்தியவனும் நான்தான். தோற்க வைத்த நகர்வை அவர் வைத்தபோது அவருடைய பக்கத்தில் 2 நிமிடம் 18 விநாடி இருந்தது. அதனால்தான் இந்த ஆட்டத்தை முழுதாக எழுதி வைக்கிறேன்.

இருவருடைய பெயரும் இங்கே வேண்டாம். வெள்ளைக் காய்களோடு ஆடியவள் வடமராட்சிப் பக்கத்திலிருந்து காலை முதல் பஸ் பிடித்து வந்த பதினாலு வயதுப் பிள்ளை. கறுப்புக்கு இருந்தவர் பல்கலைக்கழகத்தில் படிக்கும் ஒரு தம்பி. அன்றைக்கு வந்தவர்களில் பலமான நாலைந்து பேரில் ஒருவர். கட்டங்களை நாங்கள் வாயால் சொல்வதுபோலவே எழுதுகிறேன்: ஏ முதல் எச் வரை நிரல்கள், 1 முதல் 8 வரை நிரைகள்.

நேரக் கணக்கு ஆளுக்கு 10 நிமிடம், ஒவ்வொரு நகர்வுக்கும் 5 விநாடி கூட்டல். உலக ரேபிட் போட்டியில் 15 நிமிடமும் 10 விநாடியும் கொடுக்கிறார்கள். எங்களுக்கு ஒரே நாளில் ஏழு சுற்றையும் முடித்து, தூரத்துப் பிள்ளைகளைப் பொழுதுபடுவதற்குள் வீட்டுக்கு அனுப்பவேண்டும். ஃபிடே என்ற உலகச் சதுரங்கக் கூட்டமைப்பின் விதிப்படி அடிப்படை நேரத்தோடு 60 நகர்வுக்கான கூட்டலையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். அது 10 நிமிடத்துக்கு மேலும் 60 நிமிடத்துக்குக் குறைவாகவும் வந்தால் ரேபிட். 10 நிமிடமும், 60 நகர்வுக்கு 5 விநாடிப்படி 5 நிமிடமும் சேர்ந்தால் 15 வரும், ஆகவே இது ரேபிட்தான்.

ரேபிட்டில் நகர்வுகளை எழுதவேண்டிய கட்டாயம் இல்லை. ஆனால் அந்தப் பிள்ளை 30ஆம் நகர்வு வரை எழுதியிருந்தாள். பக்கத்திலேயே இருவருடைய கடிகார நேரத்தையும் சின்ன எழுத்தில் குறித்திருந்தாள். அவளுக்குப் பழக்கியவர் யாரென்று தெரியாது, ஆனால் நல்ல பழக்கம் பழக்கியிருக்கிறார். கடைசிப் பத்து நகர்வுகளை நான் நின்று பார்த்து, முடிந்த கையோடு துண்டுக் காகிதத்தில் எழுதினேன். நடுவில் உள்ளதை இருவரும் பலகையில் வைத்துக் காட்டினார்கள்.

தொடக்கம்

வெள்ளை இ4, கறுப்பு சி5. சிசிலியன். குதிரைகள் எஃப்3க்கும் சி6க்கும் வந்தன, பிஷப் பி5க்குப் போனது. ரொசோலிமோ என்று சொல்லும் ஆட்டம். ஜி6 வைத்ததும் பிள்ளை பிஷப்பைக் கொடுத்து சி6 குதிரையை வெட்டினாள், தம்பி டி சிப்பாயால் திருப்பி எடுத்தார். பிறகு டி3, பிஷப் ஜி7, எச்3. இந்த வரிசையை 2018இல் லண்டனில் நடந்த உலகப் பட்டப் போட்டியின் முதல் ஆட்டத்தில் கருவானா கார்ல்சனுக்கு எதிராக ஆடினார். அந்தப் போட்டியில் 12 நெடுநேர ஆட்டங்களும் சமநிலையில் முடிந்து, பட்டம் ரேபிட்டில்தான் தீர்மானமானது. கார்ல்சன் 3-0 என்று வென்றார். யோசிக்க மணிக்கணக்கில் நேரம் இருந்தபோது ஒருவரை ஒருவர் அசைக்க முடியாதவர்கள், நேரம் சுருங்கியவுடன் அப்படிப் பிரிந்து போனார்கள்.

பிள்ளையின் காகிதத்தில் 14ஆம் நகர்வுக்கு நேரே ஒரு கோடு கீறியிருந்தது. அந்த ஒரு நகர்வுக்குத் தம்பி எடுத்தது 3 நிமிடம் 40 விநாடி. கேள்வி இதுதான்: டி8க்கு எந்தக் கோட்டையை (யானைக் காயை) கொண்டுவருவது, ஏ8இல் நிற்பதையா, எஃப்8இல் நிற்பதையா? கடைசியில் எஃப்8இல் நின்றதை எடுத்தார். அந்த நிலையைப் பிறகு நாங்கள் மூவரும் இருந்து பார்த்தோம். எந்தக் கோட்டை வந்தாலும் ஆட்டம் ஏறக்குறைய ஒன்றுதான்.

51 நகர்வு முடிந்தபோது அவரிடம் மிஞ்சியது 14 விநாடி. தொடக்க 600 விநாடியோடு 51 நகர்வுக்கான கூட்டல் 255 விநாடியையும் சேர்த்து, மிச்சத்தைக் கழித்துப் பார்த்தால், அவர் செலவழித்தது 841 விநாடி. அதில் 220 விநாடி, அதாவது நாலில் ஒரு பங்குக்கும் மேல், அந்த ஒரு கோட்டைக்குப் போயிருந்தது. "நேரம் இல்லாமல் தோத்தான்" என்பவர்கள் இதைச் சொல்லியிருந்தால் நானும் ஓரளவு ஒத்துக்கொண்டிருப்பேன். ஆனால் அவர்கள் காட்டியது கடைசி நிமிடத்தை.

நடு ஆட்டத்தில் சொல்வதற்கு அதிகம் இல்லை. 23ஆம் நகர்வில் ராணிகள் வெளியேறின. குதிரையும் பிஷப்பும் ஒன்றொன்றாகக் குறைந்தன. தம்பி கொஞ்ச நேரம் மேலே நின்றார், பிறகு அதுவும் கரைந்தது. ஐம்பதாம் நகர்வுக்குக் கிட்ட, ஆளுக்கு ஒரு கோட்டையும் ஒரு சிப்பாயும் மட்டும் மிஞ்சின. வெள்ளை ராஜா இ3, சிப்பாய் இ4, கோட்டை ஏ7. கறுப்பு ராஜா இ8, சிப்பாய் ஏ4, கோட்டை சி4. ஏ7இல் நின்ற வெள்ளைக் கோட்டை ஏழாம் நிரையை மறித்துக்கொண்டு கறுப்பு ராஜாவைக் கடைசி நிரையிலேயே வைத்திருந்தது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு கை

51ஆம் நகர்வில் தம்பி, பின்பக்கத்திலிருந்து செக் கொடுக்கும் எண்ணத்தோடு, சி4இல் நின்ற கோட்டையை சி1க்கு இறக்கினார். ஏ4 சிப்பாய்க்கு இருந்த காவல் போயிற்று. பிள்ளைக்கு அப்போது 38 விநாடி. அவள் வலக்கையால் கோட்டையைத் தூக்கி, இடக்கையால் சிப்பாயை அகற்றி, கோட்டையை ஏ4இல் வைத்துக் கடிகாரத்தை அமத்தினாள்.

தம்பி உடனே கையை உயர்த்தினார். "சேர், ரெண்டு கை."

அவர் சொன்னது முழுக்கச் சரி. ஒரு நகர்வை இரண்டு கையால் வைத்துக் கடிகாரத்தை அமத்தினால் அது விதிமீறிய நகர்வுக்குச் சமம். ராஜாவையும் கோட்டையையும் ஒரே நகர்வில் நகர்த்திக் கோட்டை கட்டும்போதும், வெட்டும்போதும், சிப்பாய் ராணியாகும்போதும் பிள்ளைகள் அடிக்கடி மாட்டிக்கொள்வது இதில்தான். ரேபிட்டில் முதல் தடவை என்றால் எதிராளிக்கு 2 நிமிடம் கூட்டிக் கொடுக்கவேண்டும், அதே ஆள் இரண்டாம் தடவையும் செய்தால் ஆட்டமே போய்விடும். பிள்ளையின் முகம் கறுத்துப் போனது. "தெரியாமல் செய்திட்டன் சேர்" என்றாள். தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் விதி ஒன்றுதான் பிள்ளை என்று சொல்லி, கடிகாரத்தை நிறுத்தினேன்.

நேரம் கூட்டுவதென்றால் அந்தக் கடிகாரத்தில் நாலைந்து பொத்தான் அழுத்தவேண்டும். எனக்கு ஒரு நிமிடமாவது பிடித்திருக்கும். அந்த ஒரு நிமிடம் முழுக்க இருவருடைய நேரமும் ஓடவில்லை. பலகையில் நிலை அப்படியே இருந்தது. அடுத்த நகர்வு தம்பியுடையது. யாருக்கும் கணக்கு வைக்காத ஒரு நிமிடம் அவருக்கு முன்னால் கிடந்தது. அவர் என்னுடைய விரல்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், சரியாக 2 நிமிடம் ஏறுகிறதா என்று. பிள்ளை பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடிகாரத்தைத் திரும்ப வைத்தேன்: கறுப்பு 2:14, வெள்ளை 38 விநாடியும் சொச்சமும்.

மூன்று நகர்வு

இப்போது வெள்ளைக்கு ராஜா இ3, கோட்டை ஏ4, சிப்பாய் இ4. கறுப்புக்கு ராஜா இ8, கோட்டை சி1. ஒரு சிப்பாய் குறைவு, ஆனாலும் இது சமநிலை. ஏழாம் நிரையை மறித்த கோட்டை அந்த இடத்தை விட்டுக் கீழே வந்துவிட்டது. கறுப்பு ராஜா இ7க்கு வந்து சிப்பாயின் வழியில் நின்றால் போதும். கோட்டையை ஆறாம் நிரைக்குக் கொண்டுபோய், வெள்ளை ராஜாவை அங்கே ஏறவிடாமல் வைத்திருந்து, சிப்பாய் இ6க்கு வந்த பிறகு கோட்டையைக் கீழே முதலாம் நிரைக்கு இறக்கிப் பின்னாலிருந்து செக் கொடுத்துக்கொண்டே இருக்கலாம். பிரெஞ்சு ஆட்டக்காரர் பிலிடோர் காலத்திலிருந்து, அதாவது பதினெட்டாம் நூற்றாண்டிலிருந்து, எல்லாரும் படிக்கிற பாதுகாப்பு. தம்பிக்கும் அது தெரியும். பிறகு கேட்டபோது மூச்சு விடாமல் சொன்னார்.

52ஆம் நகர்வுக்கு அவர் எடுத்தது 4 விநாடி. கோட்டை டி1. வெள்ளை ராஜாவை டி நிரலுக்கு விடாமல் மறிக்கும் எண்ணம். பிழை இல்லை, ஆனால் தேவையும் இல்லை. கடிகாரம் 2:15.

பிள்ளை ஏ4இலிருந்து கோட்டையை டி4க்கு நகர்த்தினாள். வெட்டுங்கள் என்று நேரே நீட்டினாள்.

தம்பி 2 விநாடியில் வெட்டினார். ராஜா வந்து டி4இல் திருப்பி வெட்டியது. கடிகாரம் 2:18. பலகையில் இப்போது மூன்றே காய்: வெள்ளை ராஜா டி4, சிப்பாய் இ4, கறுப்பு ராஜா இ8. நகர்த்தவேண்டியது கறுப்பு.

3 விநாடி. ராஜா இ7.

அதோடு முடிந்தது. கடிகாரம் 2:20. நான் கொடுத்தபோது இருந்ததைவிட 6 விநாடி கூட. இந்த மூன்று நகர்வையும் அவர் 14 விநாடி மட்டும் இருக்கிற ஆளைப்போலவே வைத்தார். நேரம் வந்து சேர்ந்துவிட்டது, கைக்கு அந்தச் செய்தி போய்ச் சேரவில்லை. இந்த ஆட்டத்தைப் பற்றி நான் சொல்ல நினைப்பது இவ்வளவுதான். மற்றதெல்லாம் இதற்கான விளக்கம்.

ஏன் இ7 தோல்வி?

சிப்பாய் இ4இல் நிற்கும்போது வெள்ளை ராஜா டி6, இ6, எஃப்6 என்ற மூன்று கட்டங்களில் ஒன்றைப் பிடித்துவிட்டால் யாருடைய முறை என்றாலும் வெற்றி. ஆகவே கறுப்பின் வேலை அந்த மூன்றையும் காப்பது. இரண்டு ராஜாக்களும் ஒரே நிரலில் நடுவில் ஒரு கட்டம் விட்டு எதிரெதிரே நின்றால், நகர்த்தவேண்டியவருக்குத்தான் நட்டம். அவர் வழிவிட்டே ஆகவேண்டும். இதைத்தான் எதிர்நிலை என்கிறோம். இ7க்கு ராஜா வந்ததும் பிள்ளை தன் ராஜாவை இ5இல் வைத்தாள். நேருக்கு நேர், முறை கறுப்புடையது. டி7க்குப் போனால் வெள்ளை எஃப்6இல் ஏறும், எஃப்7க்குப் போனால் டி6இல் ஏறும். டி7க்கு முதலிலேயே போயிருந்தாலும் இதே கதிதான், வெள்ளை டி5 வைத்து எதிரே நிற்கும். எஃப்7க்கோ எஃப்8க்கோ விலகினாலும் டி5தான் பதில், பிறகு இ7க்கு வந்தால் இ5.

மிஞ்சுவது டி8. அதுதான் ஒரே நகர்வு. ராஜாவை முன்னுக்கு விடாமல் கடைசி நிரையிலேயே பக்கத்துக்கு நகர்த்துவது. டி4க்கும் டி8க்கும் நடுவில் மூன்று கட்டம் இருக்கிறது. ஒற்றைப்படை என்றபடியால் எதிர்நிலை தூரத்திலிருந்தே பிடிபடுகிறது, முறையோ வெள்ளையுடையது. வெள்ளை டி5 வந்தால் டி7, இ5 வந்தால் இ7, சி5 போனால் சி7. ஒவ்வொரு தடவையும் எதிரே போய் நிற்கலாம். சிப்பாயைத் தள்ளிப் பார்த்தால்? 55. ராஜா இ5 ராஜா இ7, 56. ராஜா டி5 ராஜா டி7, 57. சிப்பாய் இ5 ராஜா இ7, 58. சிப்பாய் இ6 ராஜா இ8! இந்த இடத்திலும் நேரே பின்னுக்குத்தான் போகவேண்டும், டி8க்குப் போனால் தோல்வி. 59. ராஜா டி6 ராஜா டி8, 60. சிப்பாய் இ7 செக், ராஜா இ8, 61. ராஜா இ6, கறுப்புக்கு நகர்வே இல்லை. ஸ்டேல்மேட், அதாவது சமநிலை.

முடிவாட்டத்தில் ராஜா முன்னுக்கு வரவேண்டும் என்று நாங்கள்தான் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். பத்துக்கு ஒன்பது தரம் அது சரி. அந்தப் பாடம் கையில் ஊறிப் போயிருப்பதால், யோசிக்காத கை ராஜாவைத் தானாக முன்னுக்குத் தள்ளும். டி8 என்பது கண்ணால் பார்த்து, எண்ணி, பிறகு வைக்கவேண்டிய நகர்வு. எனக்கு எண்ணுவதற்கு 20 விநாடி போதும். தம்பி என்னைவிட வேகமானவர்.

பிள்ளை இ5 வைத்ததும் தம்பி நிமிர்ந்தார். அப்போதுதான் பலகையைப் பார்த்தார் என்று நினைக்கிறேன். 50 விநாடி யோசித்தார். யோசித்து எடுக்க அந்த நிலையில் ஒன்றும் மிச்சமில்லை. டி7, எஃப்6, இ8, இ6, டி8, எஃப்7, டி7, சிப்பாய் இ5, டி8, சிப்பாய் இ6. கை கொடுத்தார். கடிகாரத்தில் ஒன்றரை நிமிடத்துக்கு மேல் இன்னும் இருந்தது.

வெள்ளையின் பக்கம்

சிலர் அதிர்ஷ்டம் என்றார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். மண்டபத்துக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் தேத்தண்ணியும் வடையுமாக இருந்தபோது, கோட்டையை ஏன் நீட்டினாய் என்று கேட்டேன்.

"அண்ணாவுக்கு ரெண்டு நிமிசம் கூடிட்டுது சேர். கோட்டையோட விளையாடினால் செக் செக்கெண்டு இழுத்துக்கொண்டு போவார், எனக்கு நேரம் காணாது. சிப்பாய் முடிவெண்டால் எனக்குப் பாடம். அவர் டி8 வைச்சால் சமன் எண்டும் தெரியும்."

தண்டனை வாங்கியவள், அது விழுந்த ஒரு நிமிடத்துக்குள் புதுக் கணக்குக்கு மாறிவிட்டாள். எதிராளிக்கு நேரம் கூடிவிட்டது, ஆகவே ஆட்டம் எளிமையாகவேண்டும் என்று முடிவெடுத்தாள். அந்த 2 நிமிடத்தை மேசையில் பயன்படுத்தியது அவள்தான்.

அவளுக்குத் தெரியாத இன்னொரு நன்மையும் அதில் இருந்தது, நான் சொல்லித்தான் தெரிந்துகொண்டாள். கோட்டைகள் இருக்கும்போது அவளுடைய நேரம் முடிந்திருந்தால் தோல்வி. கோட்டைகள் போனபிறகு கறுப்பிடம் வெறும் ராஜா மட்டும். வெறும் ராஜாவால் எந்த வழியிலும் மேட் வைக்க முடியாது, ஆகவே அவளுடைய நேரம் முடிந்தாலும் விதிப்படி சமநிலைதான். கோட்டையை மாற்றிய கணத்திலிருந்து அவளால் அந்த ஆட்டத்தில் தோற்கவே முடியாது. தம்பி வெட்டாமல் கோட்டையை ஏ1க்கு எடுத்திருந்தால், அவரிடம் 2 நிமிடம், அவளிடம் அரை நிமிடம். சமநிலை அவருக்கு உறுதி, அதற்கு மேலும் வாய்ப்பு இருந்தது. வெட்டியதில் அதையும் கொடுத்துவிட்டார். என் பார்வையில் 54ஆம் நகர்வுக்கு அடுத்த பெரிய பிழை இந்த 53ஆம் நகர்வு.

காய்களை மாற்றி ராஜாவும் சிப்பாயுமான முடிவுக்குள் போவது எவ்வளவு பெரிய முடிவு என்பதை 2024 டிசம்பர் 12இல் சிங்கப்பூரில் எல்லாரும் பார்த்தோம். உலகப் பட்டப் போட்டியின் 14ஆம், கடைசி ஆட்டம். அப்போது உலக சம்பியனாக இருந்த டிங் லிரென் 55ஆம் நகர்வில் கோட்டையை எஃப்2க்கு வைத்தார். கோட்டைகள் மாறின, பிறகு பிஷப்புகளும் மாறின. மிஞ்சிய சிப்பாய் முடிவு தோல்வி. குகேஷ் 18 வயதில் உலக சம்பியன். அந்த நேரலையை எங்களூர்ப் பிள்ளைகள் கைபேசியைச் சுற்றியிருந்து பார்த்தார்கள். கோட்டையை மாற்றினால் திரும்பி வர வழியில்லை என்பதை அதைவிடத் தெளிவாக ஒரு பயிற்றுநர் காட்ட முடியாது.

தம்பி சொன்னது

அவர் சாட்டுச் சொல்லவில்லை, அது எனக்குப் பிடித்தது. "ரெண்டு நிமிசம் கிடந்தது சேர். எனக்குத் தெரியும். ஆனா நான் அதைப் பாவிக்கேல்லை. ரெண்டு கையைப் பிடிச்சதோட ஆட்டம் என்ர பக்கம் வந்திட்டுதெண்டு நினைச்சிட்டன்."

அந்தக் கடைசி வசனத்தை நான் பலமுறை யோசித்தேன். முறைப்பாடு சரியாக முடிந்தது, நேரம் வந்தது, மனதில் ஒரு கணக்குத் தீர்ந்தது. பலகையில் மட்டும் ஒன்றும் தீரவில்லை, ஒரு சிப்பாய் குறைவாகத்தான் இருந்தார். நடுவரை அழைத்து ஆட்டம் நின்று திரும்பத் தொடங்கும் இடங்களில் அடுத்த இரண்டு நகர்வுக்குள் பிழை விழுவதை நான் வேறு மேசைகளிலும் கண்டிருக்கிறேன். கேட்டவருக்கும் விழும், கேட்கப்பட்டவருக்கும் விழும். என்னிடம் பழகும் பிள்ளைகளுக்கு இப்போது ஒன்று சொல்லியிருக்கிறேன்: நடுவர் கடிகாரத்தைத் தொட்டால் நீங்கள் பலகையைப் பாருங்கள், அவர் திருத்துவதைத் திருத்தட்டும். கடிகாரம் ஓடத் தொடங்கியபிறகும் ஒரு தடவை மூச்சு இழுத்துவிட்டு, ராஜா எங்கே, கோட்டை எங்கே, யாருக்கு என்ன செக் இருக்கிறது என்று புதிதாக எண்ணுங்கள். பயிற்சி ஆட்டங்களில் வேண்டுமென்றே நடுவில் கடிகாரத்தை நிறுத்தி, ஒருவருக்கு 2 நிமிடம் கூட்டிவிட்டு ஆடவைக்கிறேன்.

ஆறாம் சுற்றுக்கு இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. தம்பி வேப்பமரத்தடி வாங்கில் பலகையை விரித்து அந்த மூன்று காயையும் வைத்தார். "தங்கச்சி, நீ வெள்ளைக்கு இரு" என்றார். முதலில் எஃப்8 வைத்துப் பார்த்தார். பிள்ளை டி5 வைத்தாள், நாலு நகர்வில் அவர் தலையை ஆட்டினார். திரும்ப அடுக்கினார்கள். டி8. பிள்ளை இ5, அவர் இ7. டி5, டி7. சிப்பாய் இ5, ராஜா இ7. சிப்பாய் இ6. இந்த இடத்தில் அவர் கையைத் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டு பலகையைப் பார்த்தபடி இருந்தார். உள்ளே பெயர் கூப்பிடத் தொடங்கிவிட்டார்கள். பிள்ளை எழும்பப் பார்த்தாள். "பொறு" என்று சொல்லிவிட்டு, ராஜாவை நேரே பின்னுக்கு, இ8இல் வைத்தார்.